விளைவது கடலில்... விலை ஆய்வுக்கூடத்தில்!

பண்ணைகளில் வளரும் பழுப்புப் பாசிக்குள் இருப்பது என்ன? அதை அளந்து சொல்வது யார்?

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில், ரோங்செங் நகரையொட்டி இருக்கிறது சாங்கோ விரிகுடா. மே மாதம் பிறந்தால் அங்கே அறுவடைக் காலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை வரிசையாக மிதவைகள். அவற்றை இணைக்கும் கயிறுகளிலிருந்து தண்ணீருக்குள் தொங்குகின்றன, ஆளைவிட நீளமான பழுப்புப் பட்டைகள். படகு கொள்ளாமல் அள்ளி வந்து கரையில் விரித்து வெயிலில் காயவைக்கிறார்கள். ஈரத்தில் பத்துக் கிலோ இருந்த பாசி, காய்ந்த பிறகு ஒன்றரைக் கிலோ தேறினால் பெரிது.

கெல்ப் இனத்தைச் சேர்ந்த சாக்கரினா ஜப்போனிகா என்ற பாசி இது. சீனர்களுக்கு ஹைதாய், ஜப்பானியர்களுக்குக் கொம்பு. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2020-ல் உலகப் பண்ணைகளில் விளைந்த இந்த ஒரு பாசி மட்டும் ஈர எடையில் சுமார் 1 கோடியே 24 லட்சம் டன். உலகில் வளர்க்கப்பட்ட மொத்தப் பாசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதில் ஆகப் பெரும்பகுதி சீனக் கடலில் விளைந்தது.

விளைச்சலில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குப் போகிறது. ஒரு பங்கு ஆலைக்குப் போகிறது. ஆலைக்காரருக்கு வேண்டியது இலைக்குள் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். பாடப்புத்தகம் பல்சர்க்கரை என்கிறது. ஆய்வுக்கூடத்தில் பாலிசாக்கரைடு என்கிறார்கள். துணியில் அச்சடிக்கும் பசை, பல் மருத்துவரின் அச்சுக் கலவை, நெஞ்செரிச்சல் மருந்து, புண்ணுக்குப் போடும் கட்டு என்று இந்தச் சங்கிலிகள் போகாத இடமில்லை.

சிக்கல் எங்கே என்றால், ஒரே பெயர் ஒட்டிய இரண்டு மூட்டைகளுக்குள் இருக்கும் சங்கிலிகள் ஒன்றாக இருப்பதில்லை. எந்தக் கடல், எந்த மாதம், இலையா தண்டா, எந்த முறையில் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்துச் சரக்கே மாறிவிடும். கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. வேதியியல் பகுப்பாய்வுதான் சொல்ல வேண்டும். கடலில் விளைந்ததற்கு விலை எழுதுவது அந்த ஆய்வறிக்கைதான்.

அயோடினுக்காகத் தொடங்கிய பயிர்

கெல்ப் சீனாவின் சொந்தப் பாசி கிடையாது. ஜப்பானின் ஹொக்கைடோ பக்கத்துக் குளிர்கடல் அதன் தாயகம். 1927-ல் தாலியன் துறைமுகத்தில் அது முளைத்திருப்பதைக் கண்டார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கும்கூட, சீனா கொம்புவை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்துதான் சாப்பிட்டது. உள்நாட்டு மாவட்டங்களில் அயோடின் குறைவால் கழுத்துக்கழலை பரவலாக இருந்தது. அயோடின் நிறைந்த பாசி அங்கே உணவு மட்டுமில்லை, மருந்தும்கூட.

இறக்குமதியை நம்பியிருக்க முடியாத நிலை வந்தபோது, பாசியை நாமே பயிரிட்டால் என்ன என்று இறங்கியவர்களில் முதன்மையானவர் ட்ஸெங் செங்க்வெய். 1909-ல் சியாமென் நகரில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1946-ல் நாடு திரும்பியவர். சிங்தாவ் நகரில் அமைந்த கடலியல் ஆய்வகத்தில் அவரும் அவரது குழுவினரும் 1950-களில் மூன்று முட்டுக்கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அகற்றினார்கள்.

முதல் முட்டுக்கட்டை, கோடை வெப்பம். கெல்ப்பின் விதைத்தூள் வெதுவெதுப்பான நீரில் பிழைக்காது. கோடையின் தொடக்கத்திலேயே விதைத்தூளைச் சேகரித்து, குளிரூட்டிய தொட்டிகளில் கயிற்றுத் திரைகள்மேல் படியவிட்டு நாற்று வளர்த்தார்கள். இலையுதிர் காலத்தில் கடல் குளிர்ந்ததும் நாற்று தயாராக இருந்தது. அடுத்தது, வடசீனக் கடலில் நைட்ரஜன் சத்து போதாமை. மெருகு பூசாத மண்கலயங்களில் உரத்தை நிரப்பிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். கலயத்தின் நுண்துளை வழியே உரம் கசிந்து பாசிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது, தெற்கே நீர் வெப்பம் அதிகம், பாசி வளராது என்ற நம்பிக்கை. குளிர்காலத்தில் மட்டும் வளர்த்து அறுத்துக்கொள்ளும் உத்தியில் ஜெஜியாங், ஃபுஜியான் கடல்களுக்கும் பயிர் இறங்கியது.

விளைச்சல் பெருகியதும் அதைப் பிழிந்தெடுக்கும் ஆலைகளும் வந்தன. ஒரே பாசியிலிருந்து அயோடின், மன்னிட்டால், ஆல்ஜினேட் என்று மூன்று சரக்கு. காய்ந்த கொம்புவின் மேல் மாவு பூத்தாற்போல வெள்ளையாகப் படிந்திருக்குமே, பலர் பூசணம் என்று துடைத்துவிடுவார்களே, அது பெரும்பாலும் மன்னிட்டால். மூன்றில் பெரிய வியாபாரம் ஆல்ஜினேட்தான்.

ஒரே இலையில் மூன்று சங்கிலி

பழுப்புப் பாசியில் வேதியியலாளர்கள் தேடுவது மூன்று பல்சர்க்கரைகளை.

முதலாவது ஆல்ஜினேட். உலர்ந்த எடையில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை இதுவே. அலையில் பாசி ஒடிந்துவிடாமல் வளைந்து கொடுப்பதற்கு இந்தச் சங்கிலிதான் காரணம். ஸ்காட்லாந்துப் பாசியிலிருந்து சோடாவும் அயோடினும் எடுத்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1881-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் இரண்டே வகைக் கண்ணிகள்: மன்னுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம். சுருக்கமாக 'எம்', 'ஜி'. முதலாவது 1930-ஐ ஒட்டியே தெரிந்துவிட்டது. இரண்டாவது ஒன்று ஒளிந்திருக்கிறது என்று காட்ட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது லாமினாரின். பாசியின் நெற்குதிர் என்று இதைச் சொல்லலாம். வெயில் நிறைந்த மாதங்களில் தயாரித்த குளுக்கோஸை மிச்சம்பிடித்துச் சேர்த்துவைத்து, இருண்ட குளிர்காலத்தில் எடுத்துச் செலவழிக்கிறது பாசி. சங்கிலி குட்டையானது, மூலக்கூறு எடை 5,000 டால்டன் அளவில்தான் இருக்கும். சில சங்கிலிகளின் வாலில் குளுக்கோஸும் சிலவற்றின் வாலில் மன்னிட்டாலும் இருக்கும்.

மூன்றாவது ஃபுகாய்டன். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஹரால்ட் கைலின் 1913-ல் கண்டெடுத்தது. ஃபுகோஸ் என்ற சர்க்கரை அடிப்படை. அதன்மேல் ஆங்காங்கே சல்ஃபேட் ஒட்டியிருக்கும். பாசியைத் தொட்டால் கையில் வழுக்கும் அந்தக் கோழையில் இது உண்டு. எடையில் குறைவு, விலையில் அதிகம். தகராறும் இதில்தான் அதிகம்.

கூடத்தில் நடப்பது

காய்ந்த பாசியைப் பொடியாக்கி முதலில் ஆல்கஹாலில் அலசுகிறார்கள். நிறமி, கொழுப்பு, மன்னிட்டால், பாலிஃபீனால்களில் ஒரு பகுதி ஆகியவை கழிந்துபோகும். அடுத்து, கால்சியம் குளோரைடு கலந்த வெந்நீரிலோ நீர்த்த அமிலத்திலோ ஊறவைப்பார்கள். இந்த நீரில் ஃபுகாய்டனும் லாமினாரினும் கரைந்து வந்துவிடும். ஆல்ஜினேட் கரையாமல் சக்கையோடு தங்கிவிடும். சக்கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் சூடாக்கினால் ஆல்ஜினேட் சோடியம் உப்பாகிக் கரைந்து, கூழ் மாதிரி திரண்டு வரும். வடிகட்டி, அமிலமோ ஆல்கஹாலோ ஊற்றினால் நாராகப் பிரியும்.

பிரித்தெடுப்பதுடன் வேலை முடியவில்லை. வந்தது என்ன, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எல்லாக் கூடங்களிலும் முதலில் செய்வது 1956-ல் டுபுவாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஃபீனால்–கந்தக அமிலச் சோதனை. சோதனைக் குழாயில் ஒரு மில்லி கரைசல், சிறிது ஃபீனால். அதன்மேல் அடர் கந்தக அமிலத்தைச் சட்டென்று ஊற்ற வேண்டும். குழாய் தொட முடியாத அளவு கொதிக்கும். சில நிமிடங்களில் வைக்கோல் மஞ்சள் எழுந்து, சர்க்கரை அதிகம் என்றால் அடர் ஆரஞ்சுக்குப் போய் நிற்கும். நிறத்தின் அழுத்தத்தைக் கருவி 490 நானோமீட்டர் ஒளியில் அளந்து, எவ்வளவு சர்க்கரை என்று சொல்லிவிடும்.

ஆனால் எந்தச் சர்க்கரை என்று சொல்லாது. குளுக்கோஸும் ஃபுகோஸும் ஒரே அளவு நிறம் காட்டுவதில்லை. ஃபுகோஸ் நிறைந்த சரக்கைக் குளுக்கோஸ் அளவுகோல் வைத்து அளந்தால் விடை தப்பாகத்தான் வரும். அதனால் யுரோனிக் அமிலத்துக்குத் தனிச் சோதனை, ஃபுகோஸுக்குத் தனிச் சோதனை. சல்ஃபேட்டுக்கு, சங்கிலியை அமிலத்தில் உடைத்து பேரியம் குளோரைடு சேர்ப்பார்கள், வெள்ளையாகக் கலங்கும். எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு சல்ஃபேட்.

சங்கிலியின் கண்ணிகளை எண்ண, அதை முழுதாக உடைத்தாக வேண்டும். இங்கே ஒரு தர்மசங்கடம். ஃபுகோஸின் பிணைப்பு லேசான அமிலத்திலேயே விட்டுவிடும். யுரோனிக் அமிலத்தின் பிணைப்போ லேசில் விடாது. அதை உடைக்கும் அளவுக்குச் சூடாக்கினால், முன்பே விடுபட்ட ஃபுகோஸ் சிதைய ஆரம்பித்துவிடும். குறைவாகச் சூடாக்கினால் யுரோனிக் அமிலம் கணக்கில் வராது. எந்த அமிலம், எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்ற தேர்வே விடையை மாற்றிவிடுகிறது. இரண்டு கூடங்களின் அறிக்கைகள் ஒத்துப்போகாததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

உடைத்த கண்ணிகளை நிறப்பகுப்பியல் கருவி தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். சங்கிலியின் நீளத்தை ஒளிச்சிதறல் கருவி சொல்லும். சல்ஃபேட் எந்தக் கார்பனில் ஒட்டியிருக்கிறது என்பதற்கு அகச்சிவப்பு நிறமாலை ஒரு குறிப்புக் கொடுக்கும். எந்தக் கண்ணி எதனோடு எந்த முனையில் கோத்திருக்கிறது என்று பார்க்க என்.எம்.ஆர். என்ற காந்த ஒத்ததிர்வுக் கருவி வேண்டும். இதில் எந்த ஒன்றும் தனியாக முழு விடை தராது.

நாற்பத்து மூன்று ஆண்டுக் குழப்பம்

ஃபுகாய்டன் ஆராய்ச்சியில் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. ஐரோப்பியக் கரைகளில் விளையும் ஃபியூகஸ் வெசிகுலோசஸ் என்ற பழுப்புப் பாசியின் ஃபுகாய்டனை 1950-ல் பிரிட்டன் வேதியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கண்ணிகள் பெரும்பாலும் முதல் கார்பனுக்கும் இரண்டாம் கார்பனுக்கும் இடையே கோத்திருக்கின்றன என்று முடிவு கட்டினார்கள். அன்றைய கருவிகளால் எட்ட முடிந்தது அவ்வளவுதான். பாடநூல்கள் அப்படியே எழுதின. அந்த அமைப்பை வைத்தே அடுத்த தலைமுறை மருந்துக் கணக்குப் போட்டது.

1993-ல் அமெரிக்காவில் பதங்கரும் உடன் ஆய்வாளர்களும் அதே பாசியின் ஃபுகாய்டனை நவீனக் கருவிகளால் மறுபடி பார்த்தார்கள். பிணைப்பு ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே! சல்ஃபேட் பெரும்பாலும் நான்காம் கார்பனில். அதற்குப் பின் பிரான்சில் அஸ்கோஃபிலம் என்ற இன்னொரு பாசியைப் பார்த்தவர்களுக்கு, 1,3 பிணைப்பும் 1,4 பிணைப்பும் மாறி மாறி வந்தன.

பண்ணைப் பாசிகளிலும் இதே கதைதான். ஒகினாவா தீவுகளின் ஆழம் குறைந்த கடலில் வலை விரித்து மொசுக்கு என்ற பாசியை வளர்க்கிறார்கள். நூல் நூலாக, வழவழப்பாக இருக்கும். அறுவடையின்போது ஆள் நீருக்குள் இறங்கிக் குழாய் வைத்து உறிஞ்சிப் படகுக்கு ஏற்றுவார்கள். ஜப்பானின் மொசுக்கு விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒகினாவாவில்தான். இதன் ஃபுகாய்டனை 1999-ல் நாகவோகா குழுவினர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஆறு ஃபுகோஸுக்கு ஒரு குளுக்குரோனிக் அமிலம், மூன்று சல்ஃபேட் என்ற எளிய ஒழுங்கு தெரிந்தது. சீனப் பண்ணைக் கெல்ப்பின் ஃபுகாய்டனிலோ கணிசமாகக் காலக்டோஸ் கலந்திருக்கிறது. இரண்டையும் ஃபுகாய்டன் என்றுதான் விற்கிறார்கள்.

இயற்கைக்கே இது எளிதில் செரிக்காத பண்டம். லென்டிமோனாஸ் என்ற கடல் பாக்டீரியா ஃபுகாய்டனைத் தின்று வாழ்வதை 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று விவரித்தது. அதற்காக அது நூற்றுக்கணக்கான நொதிகளை வைத்திருக்கிறது. ஒரு சங்கிலியை அவிழ்க்க இத்தனை நொதி வேண்டும் என்றால், அந்தச் சங்கிலியின் சிக்கலை ஒரு நிறச் சோதனையில் அடக்கிவிட முடியுமா?

திருப்பூருக்கும் தேவை எம்–ஜி கணக்கு

ஆல்ஜினேட்டில் எம் எவ்வளவு, ஜி எவ்வளவு என்பது வெறும் ஆய்வு ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. சோடியம் ஆல்ஜினேட் கரைசலை ஒரு சொட்டு எடுத்துக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டுப் பாருங்கள். விழுந்த நொடியிலேயே சொட்டின் மேல்புறம் தோலாகக் கட்டிக்கொள்ளும். சற்று நேரத்தில் விரலால் எடுத்து உருட்டலாம். அழுத்தினால் நழுவும், உடையாது. ஜி கண்ணிகள் தொடர்ந்து வரும் இடங்களில் சங்கிலி மடிந்து மடிந்து குழி விழுகிறது. இரண்டு சங்கிலிகளின் குழிகளுக்கு நடுவே கால்சியம் அயனி உட்கார்ந்து இரண்டையும் பூட்டிவிடுகிறது. 1973-ல் கிராண்ட், மோரிஸ், ரீஸ் ஆகியோர் அடங்கிய குழு இந்த அமைப்புக்கு முட்டைப்பெட்டி மாதிரி என்று பெயர் வைத்தது.

ஜி தொடர்கள் நிறைய இருந்தால் களி கெட்டியாகவும் நொறுங்குவதாகவும் இருக்கும். எம் அதிகம் என்றால் மெத்தென்று வளையும். நார்வே கடலடியில் இயற்கையாக வளரும் லாமினாரியா ஹைப்பர்போரியாவின் தண்டில் ஜி சுமார் 68 சதவீதம். அதே பாசியின் இலையில் 55. சீனப் பண்ணைக் கெல்ப்பில் 35-ஐ ஒட்டித்தான் இருக்கும். பல ஆண்டு நின்று அலையைத் தாங்கும் தண்டுக்கு விறைப்பு வேண்டும். ஒரே பருவத்தில் அறுக்கப்படும் பண்ணை இலைக்கு நெகிழ்வு போதும். அந்தத் தேவை சங்கிலியிலேயே தெரிகிறது.

எம் அதிகமான சரக்கு மட்டமான சரக்கு என்று அர்த்தமில்லை. வேலைக்கு வேலை தேவை மாறும். கெட்டிக் களி வேண்டியவருக்கு ஜி. கூழைத் தடிமனாக்கினால் போதும் என்பவருக்கு எம் மிகுந்த பண்ணைச் சரக்கே தாராளம். திருப்பூர், ஈரோடு வட்டாரத்துத் துணி அச்சுப் பட்டறைகள் இந்த இரண்டாம் வகை. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் அச்சிடும்போது மாவுப் பசையைப் போட்டால், சாயம் துணியோடு சேர்வதற்குப் பதில் மாவோடும் சேர்ந்துகொள்ளும். நிறம் மங்கும், துணி விறைக்கும். ஆல்ஜினேட் சங்கிலியில் சாயம் பிடித்துக்கொள்ளச் சுலபமான இடம் கிடையாது. அதன் எதிர்மின்னேற்றம் சாயத்தைத் தள்ளியும் வைக்கிறது. அச்சு முடிந்ததும் அலசினால் பசை மொத்தமும் போய்விடும். சங்கிலியின் நீளம் ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் மாறினால் பசையின் பாகுத்தன்மை மாறும். அச்சின் ஓரம் கசியும். ஆகவே பட்டறைக்காரர் கேட்பது பாகுத்தன்மை எண்ணை.

மாதமும் ஒரு மூலப்பொருள்

ஸ்காட்லாந்தில் 1940-களில் தொடங்கிய கடற்பாசி ஆய்வு நிறுவனத்தில் டபிள்யூ.ஏ.பி. பிளாக் என்ற வேதியியலாளர், பாசிகளை மாதந்தோறும் எடுத்து அளந்தார். லாமினாரியா இலைகளில் வசந்த காலத்தில் லாமினாரின் ஏறக்குறைய இல்லை. கோடை கழிந்து இலையுதிர் காலத்தில் உச்சத்துக்குப் போகிறது. ஒரே பாறை, ஒரே பாசி, ஆனால் மாதம் மாறினால் சரக்கு வேறு.

பண்ணையின் பலம் இங்கேதான். இயற்கைப் பாசியை அள்ளி வரும்போது எந்த வயது, எந்த ஆழம் என்று யாருக்கும் தெரியாது. பண்ணைப் பாசிக்கு நாற்று இறக்கிய தேதி உண்டு, தாய்ச்செடி எது என்று தெரியும், எந்தக் கயிறு, எத்தனை மீட்டர் ஆழம் என்று பதிவு இருக்கும். வேண்டிய சங்கிலி எந்த வாரத்தில் அதிகம் என்று அளந்து, அந்த வாரத்தில் அறுக்கலாம். லாமினாரின் வேண்டுமென்றால் கோடை முழுக்க விட்டுவைக்கலாம். ஆனால் நீர் சூடேறினால் இலை நுனி அழுகும், சிப்பியும் பூச்சியும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான பண்ணைகள் கோடை முற்றுவதற்குள் அறுத்துவிடுகின்றன, லாமினாரினை விட்டுக்கொடுத்துவிட்டு.

டப்பாவில் அடைத்த நம்பிக்கை

இணையக் கடைகளில் ஃபுகாய்டன் மாத்திரைகள் கொட்டிக் கிடக்கின்றன. புற்றுநோய் முதல் நோய் எதிர்ப்பு வரை பேசுகின்றன விளம்பரங்கள். சோதனைக் குழாயிலும் எலியிலும் ஃபுகாய்டன் பலவிதமாகச் செயல்பட்டிருப்பது உண்மை. இரத்தம் உறைவதைத் தடுப்பது அதில் ஒன்று. சல்ஃபேட் சுமந்த சங்கிலி என்பதால் ஹெப்பாரின் மருந்தைப்போல வேலை செய்கிறது. ஆனால் சல்ஃபேட் எவ்வளவு, சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அந்த வேலை கூடும், குறையும், இல்லாமலும் போகும். அதோடு, நன்றாகச் சுத்தம் செய்யாத ஃபுகாய்டனில் ஆல்ஜினேட்டும் பாலிஃபீனாலும் கலந்திருக்கும். 'ஃபுகாய்டன் செய்தது' என்று எழுதப்பட்ட வேலையைச் சில நேரம் செய்திருப்பது அந்தக் கலப்படப் பாலிஃபீனாலாகவே இருக்கலாம்.

சல்ஃபேட் சங்கிலிகளை மேலோட்டமாகச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாசிக்கு வெளியே ஒரு பாடம் இருக்கிறது. பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரினில் 2008-ல் கலப்படம் வெளிப்பட்டது. அதிகப்படியாகச் சல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டின் அது. வழக்கமான உறைவுச் சோதனையில் இந்தக் கலப்படமும் தேறிவிட்டது. அமெரிக்காவில் உயிர்கள் பறிபோன பிறகுதான் என்.எம்.ஆர். போன்ற நுட்பமான சோதனைகள் குட்டை உடைத்தன. அதன்பின் மருந்து விதிகளே மாறின.

ஆல்ஜினேட்டைத் துண்டு துண்டாக்கிய குட்டைச் சங்கிலிகளிலிருந்து அல்சைமர் நோய்க்கு ஒரு மருந்து தயாரித்தார்கள் சீன ஆய்வாளர்கள். 2019 நவம்பரில் சீனா அதற்கு நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. பல நாடுகளில் தொடங்கிய மூன்றாம் கட்டச் சோதனை 2022-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பாசியிலிருந்து மருந்து வராது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கூடத்து ஆய்வறிக்கையும் நோயாளிகளிடம் நடத்திய சோதனையும் கைகோக்கும்வரை அதை மருந்து என்று அழைக்க அவசரப்பட வேண்டாம்.

வாங்குமுன் கேளுங்கள்

• எந்தப் பாசியிலிருந்து எடுத்தது? இனப்பெயர் இல்லாத ஃபுகாய்டன் டப்பாவுக்கு அர்த்தமே இல்லை.

• ஃபுகோஸ் எத்தனை சதவீதம், சல்ஃபேட் எத்தனை சதவீதம்? 'மொத்தச் சர்க்கரை' என்ற ஒற்றை எண் போதாது.

• அயோடின் எவ்வளவு? பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஒரு கிராம் உலர்ந்த கொம்புவிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கக்கூடும். தைராய்டு பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

• ஆர்சனிக், காட்மியம் பார்த்தார்களா? கால்சியத்தைப் பிடிக்கும் ஆல்ஜினேட், வேறு உலோகங்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஹிஜிகி என்ற பழுப்புப் பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால், அதைச் சாப்பிட வேண்டாம் என்று 2004-ல் பிரிட்டன் உணவுத் தர அமைப்பு எச்சரித்தது.

• இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரா? அப்படியானால் ஃபுகாய்டன் பக்கம் போகும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மன்னார் வளைகுடாவுக்கு என்ன பாடம்?

கெல்ப் நம் கடலில் வளராது. அதற்குக் குளிர்நீர் வேண்டும். ராமநாதபுரம் கரையில் கயிற்றிலும் மூங்கில் மிதவையிலும் வளர்க்கப்படுவது கப்பாஃபைகஸ் என்ற செம்பாசி இனம். பெரிய குளிர்பானக் கம்பெனி ஒன்று தொடங்கிவைத்ததால் ஊரில் இன்னமும் பெப்சி பாசி என்கிறார்கள். அதில் இருப்பது கராஜீனன் என்ற வேறொரு சங்கிலி. பழுப்புப் பாசிகளான கட்டக்கோரையும் பக்கடாப் பாசியும் இயற்கையாக வளர்ந்தவையே. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வருகிறார்கள் பெண்கள். அவை ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகின்றன.

பாசி வேறு, கடல் வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான். இங்கே பாசி விற்பது காய்ந்த எடைக்கு, கிலோ கணக்கில். வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்து ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது என்று கழித்துக்கொள்வார். ஆலைக்குப் போனதும் அதே பாசிக்குக் களி வலிமை, பாகுத்தன்மை என்று எண்கள் ஏறும், விலையும் ஏறும். அந்த எண்களைப் பறித்தவர் பார்ப்பதே இல்லை. தன் பாசியில் எந்த மாதம் சங்கிலி நன்றாக இருக்கிறது என்று தெரியாதவர், எந்த மாதம் பறித்தால் லாபம் என்று எப்படி முடிவு செய்ய முடியும்?

மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் கிளையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. கயிறு, மிதவை, நாற்று எல்லாவற்றுக்கும் மானியம் பேசுகிறோம். கூடவே ஒன்றைக் கேட்க வேண்டும்: மகளிர் குழு கொண்டுவரும் பாசியை அறுவடை தேதியோடு வாங்கி, ஈரப்பதம், களி வலிமை, உலோக அளவு மூன்றையும் பார்த்து, எண்களை அந்தக் குழுவின் கையிலேயே எழுதிக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்று கரையிலேயே இருக்க வேண்டும். அதற்கு என்.எம்.ஆர். கருவி தேவையில்லை. இந்த மூன்று எண்களுக்கு ஒரு சிறிய கட்டடமும் பயிற்சி பெற்ற சிலரும் போதும்.

சீனாவின் பாசிப் பயிர் எழுந்து நின்றதற்குக் கடலில் இருந்த கயிறு மட்டும் காரணமில்லை. கயிற்றின் மறுமுனை முதல் நாளிலிருந்தே ஓர் ஆய்வகத்தில் கட்டப்பட்டிருந்தது. அறிக்கை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் விலை சொல்வார். பாசி பறிக்கும் பெண்களின் கைக்கு அது வரும்வரை, எத்தனை பூங்கா கட்டினாலும் அவர்களுக்குக் கிடைக்கப்போவது காய்ந்த எடைக்கான கூலிதான்.